என்ன ஜாதி முயல்?

எங்கள் முயலைப் பார்க்கிறவர்கள் அதன் பெயரைக் கேட்பதில்லை. புளோக்கில் இருக்கும் சீன ஆண்ட்டிகள் "வாட் பிரீட்?" என்பார்கள். தேக்காவிலிருந்து வரும் நண்பர்கள் "என்ன ஜாதி முயல்டா இது?" என்பார்கள். ஜாதி நாய் என்று சொல்லிப் பழகிய வாய். கொஞ்சம் நாசூக்கான ஒருவன் மட்டும் 'இனம்' என்றான். சிங்கப்பூரில் அந்தச் சொல்லும் அவ்வளவு சாது இல்லை. என் அடையாள அட்டையிலும் அந்தத் தலைப்புக்குக் கீழே ஒரு சொல் அச்சாகியிருக்கிறது.

2023 முயல் ஆண்டு. சைனாடவுன் முழுக்க முயல் விளக்குகள். அலங்காரம் இறங்கிய சில வாரங்களில் கீழ்வீட்டுப் பெண் ஒரு கூண்டோடு எங்கள் வாசலில் நின்றாள். மகனுக்காக வாங்கினாளாம். சுத்தம் செய்ய ஆளில்லையாம். ராசிக்காக முயல் வாங்காதீர்கள் என்று விலங்கு நல அமைப்புகள் புத்தாண்டுக்கு முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தன. வீவக வீடுகளில் பூனைக்கு அனுமதி வந்ததே 2024 செப்டம்பரில்தான். முயலுக்கு அதற்கு முன்பே உண்டு. பிள்ளை பூனை கேட்டால் முயலாவது வாங்கிக் கொடுப்போம் என்று நினைக்கிற வீடுகள் இங்கே இருந்திருக்கும்.

வெள்ளை உடம்பு. காது, மூக்கு, பாதம், வால் மட்டும் கரி தடவியதுபோல. கண் சிவப்பு. நெதர்லாந்துக் குள்ளன் என்று சொல்லி விற்றார்களாம். அந்த ரகம் ஒரு கிலோவைச் சுற்றியே நின்றுவிடும். இது 1.7 கிலோ. திண்டுக்கல்லிலிருந்து மாமா வீடியோவில் பார்த்துவிட்டு, "கண்ணு செவப்பா இருக்கா? அப்ப நியூசிலாந்து வெள்ளை மாப்ள. நல்லா எடை போடும்" என்றார். கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே முயல்களும் உண்டு. அதைப் போய்ப் பார்த்து வந்தவர் அவர். இனம் என்றால் அவருக்கு எடைதான். நியூசிலாந்து வெள்ளை உருவானது அமெரிக்காவில் என்பதை நான் சொல்லவில்லை, சண்டைக்கு வருவார்.

சிவப்புக் கண் எந்த இனத்தின் முத்திரையும் இல்லை. கண்ணில் நிறமி இல்லாததால் உள்ளே ஓடும் ரத்தம் தெரிகிறது, அவ்வளவுதான். எத்தனையோ இனங்களில் அது வரும். சிவப்புக் கண்ணுள்ள முழு வெள்ளை முயல் இன்னும் கள்ளம். கறுப்புக்கோ காட்டுப் பழுப்புக்கோ உரிய மரபணு அதற்குள் இருக்கலாம். நிறமியே உண்டாகாததால் வெளியே ஒன்றும் தெரியாது.

எங்களுடையது பாதி வழியில் நிற்கிற கேஸ். நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் என்ற நொதி இதற்கு இருக்கிறது, ஆனால் உடம்புச் சூட்டில் வேலை செய்யாது. காது, மூக்கு, பாதம், வால் என்று குளிர்ந்த ஓரங்களில் மட்டும் கறுப்பை உண்டாக்கும். இந்த நிற அமைப்புக்கு இமாலயன் என்று பெயர். அந்தப் பெயரிலேயே சின்ன உடம்புக்கார இனம் ஒன்று உண்டு. அதைவிட இரண்டு மடங்கு எடையுள்ள கலிஃபோர்னியனுக்கும் இதே நிறம்தான். குள்ளனிலும் உண்டு. பாடப்புத்தகங்களில் வரும் பழைய சோதனை ஒன்று: இப்படிப்பட்ட முயலின் முதுகை மழித்து, ஐஸ் பை கட்டி வைத்தால், அந்த இடத்தில் முடி கறுப்பாக முளைக்கும்.

எங்கள் வீட்டில் ஏர்கான் கிடையாது. முதல்முறை முடி உதிர்ந்து முளைத்தபோது மூக்கின் கரி வெளுத்து டீத்தண்ணி நிறத்துக்கு வந்தது. நோய் என்று பயந்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: முன்பு இது குளிரூட்டிய அறையில் இருந்ததா? கீழ்வீட்டில் விசாரித்தேன். ஆமாம், மகனின் படுக்கையறை, ராத்திரி பகல் ஏர்கான். யாருக்குப் பிறந்தது என்பதை அதன் முடி சொல்லவில்லை. எங்கே வளர்ந்தது என்பதைச் சொல்லிவிட்டது.

அட்டையில் இனம் என்ற இடத்தில் 'கலப்பு' என்று எழுதிவிட்டு டாக்டர் மற்ற விஷயங்களுக்குப் போனார். அது தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நிற்கும். சிவப்புக் கண்ணுக்குப் பார்வை மங்கல், தூரத்தை அளக்க அப்படி ஆட்டுகிறது என்றார். முயலுக்கு வேர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை விடும், முப்பது டிகிரி மதியங்கள் அதைக் கொன்றுவிடும் என்றார். மூன்று பேர் மூன்று இனம் சொன்னதில் இப்படி உபயோகமான ஒரு வரிகூட இல்லை.

சில மாதம் கழித்துக் கீழ்வீட்டுப் பையன் பார்க்க வந்தான். ஏழு வயது. கூண்டின் முன் குந்தி ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு எழுந்து, "இது என் முயல் இல்ல. அதுக்கு மூக்கு கறுப்பு" என்றான். அழவில்லை. நாங்கள் வேறு முயலை மாற்றிவைத்துவிட்டோம் என்பதில் உறுதியாக இருந்தான். நொதியைப் பற்றி ஏழு வயதுப் பிள்ளைக்கு என் அரைகுறை மாண்டரினில் எப்படிச் சொல்வது? போனில் பழைய படத்தை எடுத்துக் காட்டினேன். இடது காதில் சின்னதாக ஒரு வெட்டு. அதைப் படத்திலும் முயலிலும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தான்.

இப்போது சனிக்கிழமைகளில் வருகிறான். மதியத்தில் தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, துண்டில் சுற்றிக் கூண்டுக்குள் வைப்பது அவன் வேலை. முயல் எப்போதும் வலது விலாவைத்தான் அதில் சாய்த்துப் படுக்கும். மறுபடி முடி உதிர ஆரம்பித்திருக்கிறது. அந்த விலாவில் என்ன நிறம் முளைக்கிறது என்று நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.