அலெக்ஸாண்டிரியாவின் ஆட்டக்காரர்கள்

வாஷிங்டன் மாநகருக்குத் தெற்கே, போட்டோமாக் நதிக்கரையில் உள்ள பழைய ஊர் அலெக்ஸாண்டிரியா. அங்கே நாம் தேடிச் சென்றது உயர்தரப் பாடசாலையைத்தான். உபாத்தியாயர் எங்கே போனாலும் பள்ளிக்கூட ஞாபகம் விடுமா?

1965-ல் திறந்த அப்பாடசாலைக்கு டி. ஸி. வில்லியம்ஸ் என்ற கல்வி அதிகாரியின் பெயரை வைத்தார்கள். வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பதைப் பலமாக எதிர்த்தவர் அவர். தம் குழந்தைகளுக்காக வழக்கில் சேர்ந்த கறுப்பின அம்மாள் ஒருவரை, 1958-ல் பள்ளிச் சமையல் வேலையினின்று நீக்கியவரும் அவரே.

1971-ல் ஊரின் மூன்று உயர்தரப் பாடசாலைகளின் மேல் வகுப்புக்களை அங்கே ஒன்று சேர்த்தார்கள். கால்பந்துக் கோஷ்டிக்கு ஹெர்மன் பூன் என்ற கறுப்பர் தலைமைப் பயிற்சியாளர். பில் யோஸ்ட் என்ற வெள்ளையர் துணை. (அமெரிக்கக் கால்பந்தில் காலால் உதைப்பது சொற்பம்; பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுவதே அதிகம்.) நேற்றுவரை எதிர்க் கட்சிகளில் மோதிய இரு நிறத்துப் பையன்களும் கெட்டிஸ்பர்க்கில் ஒன்றாக உண்டு, உறங்கிப் பயின்றார்கள். ஆடியவை 13, பதின்மூன்றிலும் ஜயம்! ரோனோக்கில் நடந்த மாகாண இறுதி ஆட்டத்தில் 27-0. அத்தனை கீர்த்தியும் வில்லியம்ஸின் பெயருக்கே போய்ச் சேர்ந்ததுதான் வேடிக்கை.

2021-ல் பாடசாலைக்கு ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். 'டைட்டன்ஸ்' என்ற கோஷ்டிப் பெயரில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.