பெட்டி பொரிக்கட்டும், கோழி வளர்க்கட்டும்

நாட்டுக்கோழிக்கு ஒரு கணக்கு உண்டு. 12 முதல் 15 முட்டை வரை இடும். பிறகு அடைக்கு உட்காரும். அடை 21 நாள். குஞ்சு இறங்கியபின் இரண்டு, மூன்று மாதம் குஞ்சுகளோடு திரியும். அதுவரை அடுத்த முட்டை கிடையாது. ஆண்டுக்கு மூன்று, நான்கு சுற்று வந்தாலே அதிகம். பண்ணைகளில் இருக்கும் ஒயிட் லெகார்ன் கோழி அப்படியில்லை. அது அடைக்கே உட்காராது. முட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து அந்தக் குணத்தையே எடுத்துவிட்டார்கள். நிறைய முட்டையிடும் கோழிக்குக் குஞ்சு பொரிக்கத் தெரியாது. பொரிக்கத் தெரிந்த கோழி நிறைய முட்டையிடாது.

இந்தக் கணக்கை மாற்றத்தான் பலரும் குஞ்சு பொரிப்பான் பெட்டியைத் தேடுகிறார்கள். 'இன்குபேட்டர் வாங்கினால் போதுமா, வீட்டிலேயே செய்யலாமா?' என்று கேட்கிற வாசகர்களுக்கு, ஸ்ரீரங்கம் தீவில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொன்னால் பாதி பதில் கிடைத்துவிடும்.

திருவானைக்காவலைத் தாண்டிக் கல்லணை சாலையில் போனால், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழைத் தோட்டங்கள் வரும். அங்கே ஒன்றரை ஏக்கர் வாழையோடு ஒரு குடும்பம். மாமியாருக்கு அறுபதைத் தாண்டிய வயது. மருமகள் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர். வீட்டைச் சுற்றி முப்பது சிறுவிடைக் கோழிகள். அந்த அம்மா கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த கோழியின் வழி அது. வாழைக்கு உரம் வாங்கவும், பேரப்பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கவும், அவசரத்துக்கு ஒரு சேவலைப் பிடித்து விற்பார்கள்.

ஒரு தை மாதம் வெள்ளைக்கழிச்சல் வந்தது. ராணிக்கெட் என்று மருத்துவர்கள் சொல்லும் நோய் அது. பத்தே நாளில் முப்பதில் மிஞ்சியவை இரண்டு பெட்டையும் ஒரு சேவலும்தான். அந்த வழி அத்தோடு போய்விடுமோ என்ற பயத்தில்தான் மருமகள் பெட்டி செய்ய உட்கார்ந்தார்.

முதல் முயற்சி

பழைய தெர்மாகோல் பெட்டி. 40 வாட் குண்டு பல்பு இரண்டு. சூடு ஏறினால் பல்பை அணைத்து, இறங்கினால் எரியவைக்கும் தெர்மோஸ்டாட் ஒன்று. காற்று சுற்ற ஒரு சின்ன மின்விசிறி. ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். பெட்டி சரியாகத்தான் இருந்தது. (சிலர் எல்.இ.டி. பல்பு மாட்டிவிட்டுச் சூடு வரவில்லை என்பார்கள். எல்.இ.டி. வெளிச்சம்தான் தரும், பெட்டிக்கு வேண்டிய சூடு தராது.)

இரண்டு பெட்டையும் இட்ட முட்டைகளை இருபது நாள் சேர்த்து, 28 முட்டைகளைச் சித்திரையில் பெட்டிக்குள் வைத்தார். 21 நாள் முடிந்தது. இறங்கியது நான்கே குஞ்சு.

"கோழி செய்யிற வேலைய பெட்டி செய்யுமா? நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் மாமியார்.

மருமகள் மறுபேச்சு பேசவில்லை. பொரியாத முட்டைகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவர் ஒருவரிடம் போனார். அவர் செய்ததைக் குஞ்சு பொரிக்கிற ஒவ்வொருவரும் செய்யலாம். பொரியாத முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தார். சிலவற்றில் கருவே இல்லை. பெரும்பாலானவற்றில் வளையம் போல ரத்தக்கோடு. முதல் சில நாளிலேயே கரு செத்திருக்கிறது என்று அர்த்தம். மூன்று முட்டையில் குஞ்சு முழுதாக வளர்ந்து, ஓட்டை உடைக்காமலே இறந்திருந்தது.

எங்கே தவறியது?

முட்டையைச் சேர்த்து வைத்த இடம்தான் முதல் காரணம். தகரக் கூரைக்குக் கீழே பரணில் இருபது நாள். அடைக்கு வைக்கும் முட்டையை 15 முதல் 18 டிகிரி செல்சியஸில் வைப்பது நல்லது. 27 டிகிரியைத் தாண்டிய இடத்தில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, போதிய சூடு கிடைக்காமல் செத்துப்போகும். ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்துவைத்தால் நாளுக்கு நாள் பொரிப்புத் திறன் குறையும். அதற்காக ஃபிரிட்ஜில் வைக்கவும் கூடாது. அந்தக் குளிர் அதிகம். அகலமான மண்சட்டியில் ஈரமணல் பரப்பி, மேலே துணி விரித்து, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் கூர்முனை கீழே இருக்கும்படி வைத்தால் போதும்.

இரண்டாவது காரணம், பெட்டி இருந்த அறை. விசிறி உள்ள பெட்டிக்குள் 37.5 முதல் 37.8 டிகிரி வேண்டும். விசிறி இல்லாவிட்டால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 முதல் 38.9 வரை இருக்கலாம். திருச்சியில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலில் தகரக் கூரை அறையில் பல்பு முழுக்க அணைந்தாலும் பெட்டிக்குள் சூடு கூடிக்கொண்டேதான் போகும். பல்புப் பெட்டிக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. கோழி இரை தின்ன எழுந்து போகும்போது முட்டை கொஞ்ச நேரம் ஆறும். அதைக் கரு தாங்கும். கூடுதல் சூட்டைத் தாங்காது. நம் ஊரில் முட்டையைக் கெடுப்பது பெரும்பாலும் குளிரல்ல, சூடுதான்.

இதைக் கேட்டதும் மருமகளுக்கு மாமியார் செய்கிற ஒன்று நினைவுக்கு வந்தது. கோடையில் அடைவைக்கும்போது அந்த அம்மா கூடையில் வைக்கோலுக்குக் கீழே மணலைக் கொட்டி லேசாகத் தண்ணீர் தெளிப்பார். இடி இடித்தால் முட்டை கெடும் என்று கரித்துண்டும் இரும்பும் போடுகிற அதே கூடைதான். இரும்பாலும் கரியாலும் முட்டைக்கு ஆவதொன்றுமில்லை. ஈரமணலுக்குக் காரணம் உண்டு.

செயற்கைப் பொரிப்பு புதிய வித்தையும் அல்ல. எகிப்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சாணச்சூட்டில் முட்டை பொரித்ததைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். அந்நாட்டுக் களிமண் சூளைகளில் வேலை செய்தவர்கள் தெர்மாமீட்டர் இல்லாமல், முட்டையைக் கண்ணிமையில் ஒற்றியே சூடு பார்த்தார்கள். கருவி எதுவானாலும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

ஐப்பசியில் இரண்டாம் முயற்சி

இந்த முறை மருமகள் ஒரு வாரத்து முட்டையை மட்டும் எடுத்தார். இரண்டு பெட்டையிடமிருந்து பத்து முட்டை. லால்குடியில் இருக்கும் தங்கை வீட்டுச் சிறுவிடைகளிடமிருந்து பதினான்கு. ஒரே சேவல், அதன் பிள்ளைகள் என்று தொடர்ந்தால் சில தலைமுறையில் குஞ்சுகள் நலிந்துபோகும். வெளி ரத்தம் வேண்டும். உமி நிரப்பிய கூடையில் பஸ்ஸில் வந்த முட்டைகளை ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டுத்தான் பெட்டிக்குள் வைத்தார். அழுக்கு முட்டையைக் கழுவவில்லை. கழுவினால் மேல்பூச்சு போய்க் கிருமி உள்ளே இறங்கும். அதிக அழுக்கானதை எடுக்கவே இல்லை.

பெட்டி, ஓடு வேய்ந்த நடு அறைக்கு வந்தது. முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். காலை, மதியம், இரவு என்று ஒரு நாளைக்கு மூன்று முறை திருப்பினார். ஒற்றைப்படையாகத் திருப்பினால் இரவுதோறும் ஒரே பக்கம் கிடக்காது. திருப்பாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். சிலந்திக்கால் போல ரத்த நரம்பு தெரிந்தவை 21. தெளிவாக இருந்த மூன்றும் கூமுட்டை. தூக்கிப்போடப் போன மருமகளை மாமியார் தடுத்தார்: "இருக்கட்டும்மா, வேலை இருக்கு."

பன்னிரண்டாம் நாள் ராத்திரி மழையில் கரண்டு போய் நான்கு மணி நேரம் வரவில்லை. மருமகள் பதறிவிட்டார். "கோழி எந்திரிச்சுப் போறதில்லையா? மூடியத் திறக்காத. சுடுதண்ணி வை" என்றார் மாமியார். துணி சுற்றிய சுடுதண்ணீர் பாட்டில் இரண்டைப் பெட்டிக்குள் வைத்து, காற்றுத் துளையை மட்டும் விட்டுவிட்டு மேலே போர்வை போர்த்தினார்கள்.

ஈரப்பதம் முதல் 18 நாள் 50 முதல் 55 சதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70 சதம் இருக்க வேண்டும். அதற்கான மானி இல்லாதவர்களுக்குச் சமையலறைத் தராசு போதும். பதினெட்டாம் நாளுக்குள் முட்டை தன் எடையில் சுமார் 12 சதம் குறைய வேண்டும்; 40 கிராம் முட்டை 35 கிராம் ஆகும். அதிகம் குறைந்தால் தண்ணீர்ப் பரப்பைக் கூட்ட வேண்டும், குறையாவிட்டால் குறைக்க வேண்டும். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு திருப்புவது, திறந்து பார்ப்பது எல்லாம் நிறுத்தம். ஓடு கீறியபின் குஞ்சு வெளியே வர அரைநாள் முதல் ஒருநாள் ஆகலாம். பாவம் என்று ஓட்டை உரித்து உதவினால் ரத்தம் கசிந்து சாகும்.

21 முட்டையில் இறங்கியவை 17.

மாமியாரின் பங்கு

குஞ்சு இறங்கியதும் வேலை முடிவதில்லை. தாயில்லாக் குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரம் சுமார் 3 டிகிரி குறைக்கலாம். அதற்குப் பல்பு, கரண்டு, காவல் எல்லாம் வேண்டும்.

மாமியார் வேறு வழி வைத்திருந்தார். பெட்டியில் பத்தாம் நாள் ஓடும்போதே இரண்டு பெட்டையும் அடைக்கு வந்துவிட்டன. அவற்றை எழுப்பிவிடாமல், ஒதுக்கிய மூன்று கூமுட்டைகளைப் பிரித்து வைத்து உட்காரவிட்டார். பெட்டியில் குஞ்சு இறங்கிக் காய்ந்ததும், இருட்டியபின் கூமுட்டையை எடுத்துவிட்டுக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கோழியின் இறக்கைக்கு அடியில் விட்டார். ஒன்றின் கீழ் ஒன்பது, இன்னொன்றின் கீழ் எட்டு. விடியும்போது இரண்டு கோழியும் 'கொக் கொக்' என்று தன் குஞ்சு போலவே அழைத்துக்கொண்டு இறங்கின. ராத்திரியில் சேர்ப்பதுதான் முக்கியம். பகலில் விட்டால் கொத்திவிடும். குஞ்சு பிறந்து ஒன்றிரண்டு நாளுக்குள் சேர்த்துவிடவும் வேண்டும்.

ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டார்கள். எட்டாம் வாரம் ராணிக்கெட் தடுப்பூசி. அந்தத் தை மாதம் இதைச் செய்திருந்தால் முப்பதும் பிழைத்திருக்கும் என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இப்போது தடுப்பூசி நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வைப்பவர் மாமியார்தான். 17-இல் மூன்றைக் காக்கையும் கீரியும் கொண்டுபோயின. பதினான்கு வளர்ந்தன.

பெட்டி வாங்க நினைப்பவர்கள் எடுத்தவுடன் நூறு முட்டைப் பெட்டிக்குப் போக வேண்டாம். இருபது முட்டையோடு, புரட்டாசி முதல் மாசி வரையான காலத்தில் தொடங்குங்கள். முட்டை வைக்குமுன் இரண்டு நாள் பெட்டியை வெறுமனே ஓடவிட்டுச் சூடு நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள். திருச்சி வட்டாரத்தில் இருப்பவர்கள் கொட்டப்பட்டில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலோ, சிறுகமணி வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ கோழி வளர்ப்புப் பயிற்சி பற்றி விசாரிக்கலாம். வீட்டில் அடைவைத்துப் பழகிய பெரியவர்கள் இருந்தால் முதலில் அவர்களைக் கேளுங்கள். அடைக்கோழி ஒன்று கைவசம் இருந்தால் அதை எழுப்பிவிடாதீர்கள். இறங்கும் குஞ்சுக்கு அதுதான் தாய்.