வரப்பு

பகைவனை நேசிக்கச் சொல்லும் பிரசங்கங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம்: இது யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது? அநேகமாக அடிபட்டவனை. அடித்தவனும் அதே பூசைக்கு வந்து, முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருப்பான்.

1745 அக்டோபரில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் புதுச்சேரி சம்பா கோவிலின் சுவர் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று தலித் கிறிஸ்தவர் என்கிறோமே, அவர்களைச் சாதிக் கிறிஸ்தவர்களிடமிருந்து பிரிக்கக் கோவிலுக்குள்ளேயே கட்டிய சுவர். அவர்கள் பெரிய பாதிரியாரிடம் போய் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிந்தது. சாதிக்காரர்கள் கொதித்துப்போய்ப் பாதிரியாருடனேயே சண்டைக்கு நின்றார்கள்.

இதை உரிமைப் போராட்டம் என்று மட்டும் எழுதிவிடுகிறோம். உரிமைதான். ஆனால் தங்கள் மூச்சுக்காற்று படக்கூடாது என்று சுவர் வைத்தவர்களின் பக்கத்திலேயே மண்டியிட அவர்கள் கேட்டார்கள். விலகிப் போய்விடுவது சுலபமாக இருந்திருக்கும். பகைவனை நேசிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதை வைத்து அதிகம் பூரித்துப் போகவும் முடியாது. மூன்றே வருஷத்தில், 1748 செப்டம்பரில், ஆங்கிலேய முற்றுகையின்போது, அதே கோவிலை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் கோவிலை துய்ப்ளேக்ஸ் நிர்வாகம் இடித்தது. பாதிரிமார்களின் நெடுநாள் ஆசை அது. பிள்ளை அதையும் எழுதியிருக்கிறார், மனம் நொந்து.

'சிநேகியுங்கள்' என்ற பழைய வேதாகமத்து வார்த்தை நம்மை வேறெங்கோ கொண்டுபோய்விட்டது. உள்ளே ஈரம் சுரக்கக் காத்திருக்கிறோம். மலைப்பிரசங்கத்தில் கேட்பது அதையல்ல. பகைவனுக்காக ஜெபம் பண்ணு என்கிறது. சகோதரனை மட்டும் வாழ்த்துவதில் என்ன விசேஷம் என்கிறது. எங்கள் பக்கத்தில் பகை என்பதே பேச்சு நின்றுபோவதுதான் என்பதால், இந்த இரண்டாவது விஷயம் லேசானதல்ல.

பாகூரில் எனக்குக் கொஞ்சம் நிலம். பங்காரு வாய்க்காலில் தண்ணீர் வந்து ஏரி நிறைந்தால் ஊரே சிரிக்கும். அடுத்த நிலத்துக்காரர் மட்டும் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒவ்வொரு உழவுக்கும் வரப்பில் விரற்கடை அளவு அவர் பக்கம் போகிறது. கேட்டதிலிருந்து, பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. ஈஸ்டருக்குப் பின் வில்லியனூர் மாதா திருவிழாவுக்கு அவரும் வருவார். இந்துதான், 1877-லிருந்து அந்தக் கோவிலில் யாரும் அதைக் கேட்பதில்லை. குளத்துப் படியில் என்னைக் கண்டால் வேறு படிக்குப் போய்விடுவார்.

அவரை எனக்குப் பிடிக்காது. இப்போதும்தான். ஆனால் தினம் காலையில் அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. கண்டால், "தண்ணி ஏறிடுச்சா அண்ணே?" என்பேன். ரொம்ப நாள் பதிலில்லை. போன மாசம் மடையைப் பார்த்தபடியே "ம்" என்றார்.

வரப்பை அளந்து கல் நடச் சொல்லி சர்வேயருக்கு மனு கொடுத்திருக்கிறேன். அதையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன்.