நடுவுல ஒரு வெள்ளைக் கோடு

கொஞ்சம் நீளமான த்ரெட். நான் அரசு மருத்துவர், கட்சி பேச வரல. வார்டுல பார்த்ததைச் சொல்றேன்.

ஒரு தேர்தல் சமயம், நைட் டூட்டி. 42 வயசுக்காரர் ரத்த வாந்தியோட வந்தார். பல வருஷக் குடி. கல்லீரல் சுருங்கி, உணவுக்குழாய்ல புடைச்சிருந்த ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு. உடனே ரத்தம் ஏத்தணும்.

வெளிய அவரோட அண்ணனும் தம்பியும் சண்டை. ரெண்டு பேரும் கரைவேட்டி. அண்ணனுக்குக் கறுப்பு, சிவப்பு. தம்பிக்கும் அதே கறுப்பு, சிவப்பு, நடுவுல மட்டும் ஒரு வெள்ளைக் கோடு. கட்சியால ரெண்டு வீட்டுக்கும் மூணு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்லையாம்.

அன்னிக்கு என்ன சண்டைன்னு கேட்டேன்.

"காப்பீட்டுத் திட்டம் எங்க தலைவர் கொண்டு வந்தது சார்."

"இல்ல டாக்டர், அது அம்மா திட்டம்."

உண்மையில ரெண்டு பேரும் சொன்னது சரிதான். 2009-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டமா வந்தது. 2012-ல ஜெயலலிதா ஆட்சியில முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆச்சு. 2021-ல ஆட்சி மாறியும் நிக்கல. கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவியும் அப்படித்தான். 2006-ல 6,000 ரூபாய், அடுத்த ஆட்சியில 12,000, அப்புறம் 18,000. ஒருத்தர் ஆரம்பிச்சதை இன்னொருத்தர் வளர்த்தாங்க. தமிழ்நாட்டு மருத்துவத்துறை நிமிர்ந்து நிக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கட்சிகளுக்குள்ள வித்தியாசமே இல்லன்னு சொல்லல. கூட்டணி, டெல்லியோட உறவு எல்லாம் பெரிய விஷயம்தான். ஆனா அன்னாட வாழ்க்கையைத் தொடற திட்டங்கள்ல இடைவெளி ரொம்பக் கம்மி. தொண்டனுக்கு நடுவுலதான் பள்ளம் ஆழமாகிட்டே போகுது.

இதுல ஒரு ஆபத்து இருக்கு. ரெண்டு பேரும் ஒத்துப்போற விஷயத்தை யாருமே கேள்வி கேக்க மாட்டாங்க.

அந்த நோயாளி எந்தக் கடையில குடிச்சார்? டாஸ்மாக் தொடங்கினது 1983, எம்.ஜி.ஆர் ஆட்சி. சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கிட்டது 2003, ஜெயலலிதா ஆட்சி. 2006-ல ஆட்சி மாறுச்சு, கடை மாறல. 2016 தேர்தல்ல ஒரு கட்சி முழு மதுவிலக்குன்னுச்சு, இன்னொண்ணு படிப்படியான மதுவிலக்குன்னுச்சு. அப்புறம் 2016-ல 500 கடை மூடினாங்க. 2017-ல 500. ஆட்சி மாறி 2023-லயும் அதே 500. எண்ணிக்கையில கூட வித்தியாசம் இல்ல.

காப்பீட்டை யார் கொண்டு வந்ததுன்னு அடிச்சுக்கிட்ட அண்ணன் தம்பி, கடையை யார் கொண்டு வந்ததுன்னு ஒரு வார்த்தை பேசல.

சத்தம் போட்டேன். "மொதல்ல ரத்த வங்கிக்குப் போங்க." ரெண்டு பேரும் போய்க் கொடுத்தாங்க. அந்த பாக்கெட்ல கரை எதுவும் இல்ல.

மூணாவது நாள் அவர் இறந்துட்டார். எங்களால முடிஞ்சதைப் பண்ணோம், காப்பாத்த முடியல. உடம்பை வாங்கற பாரத்துல அண்ணனுக்குக் கையெழுத்து வரல, கை நடுங்குச்சு. தம்பிதான் அண்ணன் கையைப் புடிச்சுக்கிட்டார். மூணு வருஷத்துல அன்னிக்குத்தான் பேசினாங்கன்னு நினைக்கிறேன்.

உங்களுக்குப் புடிச்ச கட்சிக்கே ஓட்டுப் போடுங்க. ஆனா கூடப் பொறந்தவங்களோட சண்டை போடற நேரத்துல பாதியை, உங்க கட்சிக்காரர்கிட்ட கேள்வி கேக்கறதுக்கு ஒதுக்குங்க. எதிர்க்கட்சிக்காரர் கேக்க மாட்டார். அவர் ஆட்சியிலயும் அதேதான் நடந்துச்சு.

குடியை விட நினைக்கறவங்க அரசு மருத்துவமனைக்கு வாங்க. திட்ட மாட்டோம், வைத்தியம் பாக்கறோம்.