தகரத்தில் வளர்ந்த மிளகாய்ச் செடி

ஹற்றனுக்கு அண்மையிலுள்ள எமது தோட்டம் நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்தது. மிளகாயோ வெயிலை விரும்பும் பயிர். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும் அநுராதபுரத்துச் சேனைகளிலும் செழிக்கும் அது, மழையும் பனியும் மாறிமாறிப் பொழியும் எமது மலையில் எளிதில் வளர்வதில்லை. எனினும், காலையில் கொழுந்து பறிக்க மலையேறுவோர் கொண்டுசெல்லும் ரொட்டிக்கு மிளகாய்ச் சம்பலைவிட்டால் வேறு துணை ஏது? ஆதலால் எங்கள் லயத்தில் மிளகாய் வளர்க்க முயலாத வீடு அரிது.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் விலைகள் ஏறியபோது நானும் முயன்றேன். கடையில் வாங்கிய செத்தல் மிளகாயை உடைத்து, விதைகளை வாசலோரத்துப் பால்மாத் தகரத்தில் தூவி, நாள்தோறும் நீர் வார்த்தேன். மூன்று வாரங்களாகியும் முளை தோன்றவில்லை. கிளறிப் பார்த்தேன், விதைகள் அழுகிக் கிடந்தன.

"குளிர்ல போட்டா எப்படிய்யா முளைக்கும்? அதுக்குக் கணப்பு வேணும்" என்று அப்பாயி சிரித்தார்.

செடியிலேயே பழுத்த மிளகாய்ப் பழமொன்றை அயல்வீட்டில் வாங்கி, விதைகளை நிழலில் உலர்த்தினார். பின் ஈரத்துணியில் முடிந்து, சிரட்டையிலிட்டு, அடுப்பின் இளஞ்சூடு படும் தட்டில் வைத்தார். பத்தாம் நாள் துணியை அவிழ்த்தபோது வெண்ணிற முளைகள் தெரிந்தன. மிளகாய் விதை முளைக்க 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் உகந்தது என்பதைப் பின்னர் நூலிற் படித்தேன். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகையே. அந்தக் குறையை அடுப்பங்கரை நிரப்பியது.

தகரத்தின் அடியில் ஆணியால் துளையிட்டு, மண்ணுடன் மணலும் மக்கிய எருவும் கலந்து, கால் அங்குல ஆழத்தில் முளைகளை நட்டார். நீர் தேங்கினால் நாற்றின் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். நத்தை அணுகாதிருக்க நாற்றுகளைச் சுற்றி அடுப்புச் சாம்பல் தூவினார். ஆறு இலைகள் விட்டதும் பெரிய எண்ணெய்த் தகரங்களுக்கு மாற்றினார். பகலில் அவற்றை வெயிலுக்கு நகர்த்துவதும், மாலையில் அடுப்படிக்குத் தூக்கி வருவதும் என் பணியாயின. குளிர் மிகுந்த இரவுகளால் முதற்பூக்கள் உதிர்ந்தன. ஐந்தாம் மாதத்திலேயே காய் பிடித்தது.

லயத்தின் பின்புறத்தில் வெறுமையாய்க் கிடக்கும் துண்டு நிலத்தில் நட்டாலென்ன என்று ஒருநாள் கேட்டேன். அப்பாயியின் முகம் மாறியது. 1974 ஆம் ஆண்டின் பஞ்சத்தில் அவ்விடத்தில் இருபது மிளகாய்ச் செடிகள் வைத்திருந்தாராம். காய் பிடிக்கும் பருவத்தில், அவ்விடம் வேறு தேவைக்கு வேண்டுமென்று தோட்டத்து ஆட்கள் வந்து அவற்றைப் பிடுங்கி எறிந்தனராம்.

"தகரம் நம்மளோடது, மண்ணு தோட்டத்தோடது" என்றார்.

1970களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் யாழ்ப்பாண விவசாயிகள் நல்ல விலை பெற்றனர். அதே காலத்தில், 1973–74 இல், தோட்டங்களிலோ மக்கள் பட்டினியால் மடிந்தனர். மிளகாய் விலையேறியபோது நிலமுடையோர் விற்று உயர்ந்தனர். நிலமற்றோர்க்கு அது வாங்க இயலாப் பொருளாயிற்று. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் மறுத்த குடியுரிமை, 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் எஞ்சியிருந்தோர்க்கும் வழங்கப்பட்டது. 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு பெற்ற குடும்பங்களும் உள. எமது குடும்பம் அவற்றுள் ஒன்றன்று. லயமும் அதன் பின்புறமும் இன்றும் எமது பெயரில் இல்லை.

கடந்த விடுமுறையில், பனிக்காலம் கழிந்தபின், அப்பாயி அறியாமல் ஒரு நாற்றை அந்தப் பின்புற மண்ணில் நட்டேன். மறுநாட் காலை சென்று பார்த்தபோது அதனைச் சுற்றிச் சாம்பல் தூவப்பட்டிருந்தது. அதுபற்றி அவர் ஏதும் கூறவில்லை, நானும் கேட்கவில்லை. செடி இப்பொழுது பூத்திருப்பதாக வீட்டிலிருந்து செய்தி வந்துள்ளது. அதிற் காய் பறிப்போமா என்பதை இனித்தான் அறிய வேண்டும்.