துருப்பிடிக்காத பல்

பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரை நெய்வேலிக்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்கு மட்டும்: ராட்சதச் சக்கரம், அதைச் சுற்றிலும் பக்கெட்டுகள், சுழன்றுகொண்டே மண்ணை அள்ளும். ஜெர்மனியில் ஓடும் இப்படி ஓர் இயந்திரத்தை ரெவெல் நிறுவனம் 1/200 அளவில் பிளாஸ்டிக் மாடலாகக் கொண்டுவந்தது. ஒட்டி, பெயின்ட் அடித்து முடித்தால் கல்யாணச் சீர்ப் பாத்திரம் மாதிரி பளபளக்கும். சுரங்கத்தில் அப்படி எந்த இயந்திரமாவது நிற்குமா? ஆகவே அடித்த பெயின்ட்டை உதிர்க்க வேண்டும்!

அதற்குச் சமையலறை உப்பு போதும். முதலில் துரு நிறம் அடித்துக் காயவிட வேண்டும். வேண்டிய இடத்தில் மட்டும் தண்ணீர் தொட்டு, உப்பைத் தூவி, அது காய்ந்ததும் மேல் நிறத்தை அடித்துவிட்டு, உப்பைத் தேய்த்து எடுத்தால் அடியிலிருந்து துரு எட்டிப் பார்க்கும். ஹேர் ஸ்ப்ரே வைத்தும் செய்யலாம். துரு நிறத்தின் மேல் அதை அடித்து, அதற்கு மேல் அக்ரிலிக் பூசி, ஈரப் பிரஷால் தேய்த்தால் பெயின்ட் திட்டுத் திட்டாக உரியும்.

கஷ்டம் எங்கே உதிர்ப்பது என்பதில்தான். பி.காம். பாடத்தில் தேய்மானத்துக்கு நேர்க்கோட்டு முறை என்று ஒன்று உண்டு. வருடாவருடம் ஒரே தொகை கழியும். இரும்புக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. வேலை நடக்கும் இடத்தில்தான் தேயும்.

நேரு 1957-இல் தொடங்கிவைத்த முதல் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது 1961-இல். அதன் மேலே கிடப்பது கடலூர் மணற்பாறை. வெடிவைத்துத் தளர்த்திய பிறகும் அரம்போல் பக்கெட் பற்களைத் தின்றுவிடும். ஓடுகிற இயந்திரத்தின் பல் துருப்பிடிக்க நேரம் ஏது? அது வெள்ளையாக மின்னும். மாடலில் பல்லுக்கும் துரு பூசிவிட்டால், அது காயலான் கடைக்குப் போகக் காத்திருக்கும் சரக்கு.

அளவும் முக்கியம். 1/200-இல் ஒரு மி.மீ. உதிர்ந்தால் நிஜத்தில் 20 செ.மீ. பெயின்ட் போயிற்று என்று அர்த்தம். நெய்வேலியின் பெரிய பக்கெட் 1400 லிட்டர் கொள்ளும். இந்த அளவுக்குச் சுருக்கினால் நான்கு சொட்டுத் தண்ணீர்கூட நிற்காது. அங்கே போய் உப்புக்கல்லை வைத்தால் என்ன ஆகும்! உப்பைப் பொடித்துச் சலித்துக்கொள்ள வேண்டும்.

தூசியும் ஒரே நிறமில்லை. மேல்மண் வெட்டும் இயந்திரத்தில் செம்மண் படியும், நிலக்கரி வெட்டுவதில் கரும்பழுப்பு. ஏணிப் படிகளில் ஷிப்டுக்கு ஷிப்டு பூட்ஸ் மிதிக்கும் நடுப்பகுதி மட்டும் வெளுத்திருக்கும், ஓரத்தில் பெயின்ட் அப்படியே இருக்கும். அந்த மினுமினுப்புக்கு 2பி பென்சில் கரியை விரலில் தொட்டுத் தேய்த்தால் போதும். பக்கெட் பற்களுக்கும் அதேதான்.