ஒரே ஒரு குண்டு

நாகாலாந்தின் எல்லைக் கிராமமான லோங்வாவில் கருமருந்துத் துப்பாக்கியுடன் மான் வேட்டை ஒரு பரம்பரைக் கலை. சட்டம் அதைக் குற்றம் என்கிறது. காடோ காலியாகி வருகிறது.

மழை ஓய்ந்து, மலைச்சரிவுகளில் அறுவடையும் முடிந்துவிட்டால் கொன்யாக் நாகர்களின் கிராமங்களில் துப்பாக்கிகள் சுவரிலிருந்து இறங்குகின்றன. விடியலுக்கு வெகு முன்பே அடுப்பு எரிகிறது. அதன் ஓரத்தில் நீளமான குழாய் ஒன்று சூடேறிக்கொண்டிருக்கிறது. உள்ளே துளி ஈரம் இருந்தாலும் போதும், அன்றைய நடை முழுவதும் வீண். மூங்கில் குழலில் கருமருந்து, சின்னப் பையில் ஈய ரவைகள், துணிச் சுருள், நெருப்பு பிடிக்க வைக்கும் கேப்புகள், இடுப்பில் அகலமான தாவோ கத்தி. வேட்டைக்காரர் பனிமூட்டத்துக்குள் மறையும்போது நாய்கூட குரைப்பதில்லை. அதற்கும் பழக்கம்தான்.

மோன் மாவட்டத்தின் தலைநகரான மோனிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில், மலை முகட்டின் மேல் அமர்ந்திருக்கிறது லோங்வா. இந்தியாவும் மியான்மரும் இந்த ஊரின் நடுவே பிரிகின்றன. ஆங் என்று அழைக்கப்படும் பரம்பரைத் தலைவரின் நீண்ட வீட்டுக்குள்ளேயே எல்லைக்கோடு ஓடுகிறது. ஒரு பக்கம் சமைத்து மறுபக்கம் உறங்குகிறார் என்று சொல்லாத சுற்றுலாப் பயணி இல்லை. அந்த வீட்டின் முகப்பில் அவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் மிதுன் மண்டையோடுகளுக்கும் மான் கொம்புகளுக்கும் இன்னொரு அர்த்தம் உண்டு. ஒரு வீட்டின் கௌரவக் கணக்கு அது. அந்தக் கணக்கில் ஒரு காலத்தில் மனிதத் தலைகளும் இருந்தன. முகத்தில் பச்சை குத்திய முதியவர்களில் எஞ்சியிருப்பவர்கள் வெகு சிலரே.

கொன்யாக்குகள் துப்பாக்கியை வெளியிலிருந்து வாங்கி நிறுத்திக்கொண்டவர்கள் அல்ல. செய்யக் கற்றுக்கொண்டவர்கள். உலைக்களமும் துருத்தியும் வைத்துக்கொண்டு, கிடைத்த இரும்பில் குழாயும் சுத்தியலும் விசையும் வடித்து, மரக்கட்டையில் பொருத்திவிடும் கொல்லர்கள் இந்த மலைகளில் தலைமுறைகளாக இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கி என்றால் போலீஸ் செய்திதான் நினைவுக்கு வரும். இங்கே அது கலப்பை மாதிரி, வீட்டுச் சாமான்.

மான் என்றதும் புள்ளிமான் கூட்டத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். இங்கே முக்கிய இலக்கு கேளையாடு. பெயரில் ஆடு இருந்தாலும் மான் இனம்தான். சுமார் 20 கிலோ எடை, செம்பழுப்பு நிறம், தலைகுனிந்த நடை. பெரும்பாலும் தனியாகத் திரியும். சந்தேகம் தட்டினால் நாய் போலக் குரைக்கும், சில சமயம் நிறுத்தாமல் குரைத்துக்கொண்டே இருக்கும். அந்த ஒரு குரைப்பில் பள்ளத்தாக்கு முழுவதும் எச்சரிக்கை அடைந்துவிடும். வெட்டிச் சுட்டுப் பயிரிட்டு, பிறகு தரிசாக விட்ட ஜூம் வயல்களில் தளிர் துளிர்க்கும்போது அதைத் தின்ன அதிகாலையிலும் அந்தியிலும் காட்டு விளிம்புக்கு வருகிறது. வேட்டைக்காரர் காத்திருப்பதும் அங்கேதான்.

நவீன ரைஃபிள் வைத்திருப்பவருக்கு 200 மீட்டர் என்பது ஒரு தூரமே இல்லை. வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் இந்தத் துப்பாக்கிக்கு 40, 50 மீட்டர் தாண்டினால் உத்தரவாதம் கிடையாது. குழாயின் உட்புறம் வழவழப்பானது. குண்டுக்குச் சுழற்சி கிடைப்பதில்லை, போகப்போக திசை தப்புகிறது. ஆகவே நெருங்கியாக வேண்டும். காய்ந்த மூங்கில் இலைகள் மேல் சத்தமின்றி நடக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்க்க வேண்டும். மானின் மூக்கு மனிதனின் கண்ணைவிடத் தூரம் பார்க்கும்.

மருந்து கெட்டிப்பது தனி வித்தை. வெடியுப்பு முக்கால் பங்கு, மீதியில் கரியும் கந்தகமும். குறைந்தால் ரவை மானின் தோலைக் கீறிவிட்டு நின்றுவிடும். கூடினால் குழாய் வெடித்துக் கெட்டித்தவரின் கையைக் கொண்டுபோகும். மருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்து, கம்பியால் இடித்து, ரவை போட்டு, அது உருண்டு விழாமலிருக்க மறுபடி அடைப்பு. எவ்வளவு பழகிய கையானாலும் அரை நிமிடத்துக்குக் குறையாது. அதற்குள் கேளையாடு அடுத்த மலைக்குப் போய்விடும். அதாவது, ஒரே ஒரு குண்டு. இரண்டாவது வாய்ப்பு என்ற பேச்சே இல்லை.

விசையை இழுத்த பிறகும் நிச்சயமில்லை. சுத்தியல் விழும், கேப்பு சீறும், மருந்து பிடிக்க ஒரு கண் இமைப்பு தாமதமாகும். பனி ஈரம் சேர்ந்திருந்தால் அந்தத் தாமதம் நீளும், அல்லது வெடிக்கவே வெடிக்காது. அந்த இடைவெளியில் துப்பாக்கி அசையாமல் இருக்க வேண்டும். ஆசாமியும்தான். இந்த வேட்டையின் கிளர்ச்சி முழுவதும் அந்த ஒரு கணத்தில் அடங்கியிருக்கிறது. வெடித்தால் வெண்புகை எழுந்து எதிரே இருப்பதை எல்லாம் மூடிவிடும். பட்டதா இல்லையா என்று தெரிய புகை கலையும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு இலைகளில் ரத்தத் துளி தேடும் வேலை. அடிபட்ட மானைக் கைவிட்டுத் திரும்புவது அவமானம்; அதற்காகப் பொழுது சாயும்வரை பள்ளத்தாக்கில் இறங்கி ஏறுபவர்கள் உண்டு. கறி கிடைத்தால் அதில் பங்கு உறவுக்கும் அண்டை வீட்டுக்கும் போகும்.

இதில் ரசிக்க முடியாத தந்திரமும் ஒன்று உண்டு. இலையை உதட்டில் வைத்து ஊதி, குட்டி அலறுவது போன்ற ஓசை எழுப்புவது. வடகிழக்கு மலைகளில் வேட்டைக்காரர்கள் பலர் அறிந்த வித்தை இது. கேளையாடு தேடி வரும். அப்படி வருவது ஒரு தாயாகவும் இருக்கலாம். கலை என்று சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நாகர்களுக்கும் இந்தத் துப்பாக்கிக்கும் உள்ள உறவு வேட்டையோடு நின்றதல்ல. 1879 அக்டோபரில் அங்காமி நாகர்களின் கோனோமா கிராமத்துக்குப் படையுடன் சென்ற பிரிட்டிஷ் அரசியல் அதிகாரி டாமன்ட், ஊர் வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் அந்தக் கோட்டை ஊரைப் பிடிக்க பிரிட்டிஷார் பீரங்கிகளைக் கொண்டுவர வேண்டியிருந்தது. துப்பாக்கியைப் பிடுங்க வருபவன் நிலத்தையும் பிடுங்குவான் என்ற சந்தேகம் இங்கே பழையது.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 1972ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைக் கொல்வது குற்றம். பாரம்பரியத் துப்பாக்கி என்றாலும் விலக்கில்லை. (கர்நாடகத்தின் குடகர்களுக்குத் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் தேவையில்லை என்ற பழைய சலுகை 2019ல் மேலும் 10 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. ஆனால் அவர்களும் வேட்டையாட முடியாது.) நடைமுறையில் சிக்கல் வேறு. நாகாலாந்தில் காட்டின் பெரும்பகுதி அரசுடையதல்ல. கிராமங்களுக்கும் குலங்களுக்கும் சொந்தம். அரசியல் சட்டத்தின் 371ஏ பிரிவு நிலத்தையும் வழக்காறுகளையும் பாதுகாக்கிறது. வனத்துறை ஊழியர் ஒருவர் கிராமத்தாரின் சொந்தக் காட்டுக்குள் நுழைந்து அவர்களையே கைது செய்வது என்பது காகிதத்தில் மட்டும் சுலபம். லோங்வாவில் இன்னொரு வினோதம்: நூறடி தள்ளி நின்றால் இந்தியச் சட்டமே இல்லை. மான் எல்லை பார்த்து மேய்வதில்லை.

பழைய துப்பாக்கியே ஒரு கட்டுப்பாடாக இருந்தது என்று வாதிடுபவர்கள் உண்டு. ஒரு நாளைக்கு ஒரு குண்டு, அதுவும் தவறக்கூடியது. அந்த வேகத்தில் காட்டைக் காலி செய்ய முடியாது என்கிறார்கள். பாதி உண்மைதான். மக்கள்தொகை குறைவாகவும் காடு அடர்ந்தும் இருந்தபோது கணக்கு சரியாக வந்தது. இன்று ஜூம் வயல்கள் நெருங்கிவிட்டன, சாலை வந்துவிட்டது, காட்டுக்கறிக்குச் சந்தை இருக்கிறது. தோட்டாத் துப்பாக்கியும் ஏர்கன்னும் டார்ச் விளக்கும் சேர்ந்துகொண்டன. வீட்டுக்கு ஒன்று என்றால் மெதுவான துப்பாக்கியும் வேகமானதுதான்.

மாற்றமும் துப்பாக்கி இருந்த இடத்திலிருந்தே வந்திருக்கிறது. அதே கோனோமா, ட்ராகோபன் என்ற அரிய காட்டுக்கோழி இனம் நூற்றுக்கணக்கில் சுட்டு வீழ்த்தப்பட்டதைப் பார்த்த பிறகு 1998ல் தன் காட்டைச் சரணாலயமாக அறிவித்து வேட்டைக்குத் தடை போட்டது. போட்டது அரசு அல்ல, கிராம சபை. வோக்கா மாவட்டத்தின் பங்ட்டி பகுதியில் 2012ல் ஆயிரக்கணக்கான அமுர் வல்லூறுகள் வலையில் பிடிபட்டுச் செத்தன. மறு ஆண்டே கிராமத்தார் கொலையை நிறுத்திக் காட்டினார்கள். பக்கத்து அருணாசலப் பிரதேசத்தில் 2021 முதல் மக்கள் ஏர்கன்களைத் தாமாகவே ஒப்படைத்து வருகிறார்கள்.

கொன்யாக் மலைகளில் அப்படி ஒரேயடியான முடிவு எளிதல்ல. பிள்ளைக்குக் குறிபார்க்கச் சொல்லிக்கொடுத்த தகப்பன், இனி அது எதற்கு என்றும் சொல்லியாக வேண்டும். இப்போதைக்கு ஒரு பதில் டிசம்பர் மாதம் கிடைக்கிறது. 2000ல் தொடங்கிய ஹார்ன்பில் திருவிழாவுக்காக கோஹிமா அருகே உள்ள கிசாமாவில் பழங்குடிகள் கூடும்போது, பன்றிக் கொம்பும் இருவாய்ச்சி இறகும் சூடிய கொன்யாக் ஆண்கள் வரிசையாக நின்று நீண்ட துப்பாக்கிகளை வானத்தை நோக்கி உயர்த்துகிறார்கள். மருந்தும் அடைப்பும் உண்டு, ரவை கிடையாது. காது அடைக்கிற வெடிச்சத்தம், வெண்புகை, பார்வையாளர்களின் கைதட்டல். புகை கலைந்ததும் ஒவ்வொருவரும் குழாயைக் கவிழ்த்துத் தட்டி, கம்பியை உள்ளே விட்டு அடுத்த வெடிக்குத் துடைக்கத் தொடங்குகிறார்கள்.